உடம்புக்கும் ஒரு ரெக்கார்டு நோட்டு!

(இறுதியாண்டு மாணவி, மின்னியல் பிரிவு, திட்டக்குடி)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து நம் கல்லூரியில் கவிஞர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. நட்பு, நிலா, கண்ணீர் என்று எல்லாத் தலைப்புகளும் போய்விட்டதால் எனக்கு மிஞ்சியது சர்க்கரைதான்! சிரிக்க வேண்டாம். இரத்தத்தில் ஏறுகிறதே, அந்தச் சர்க்கரையைத்தான் சொல்கிறேன். ‘அது வயசானவங்க விஷயம், நமக்கு எதுக்கு?’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மாத்திரை டப்பா இல்லாத வீடு இன்று குறைந்துகொண்டே வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் கணக்கிட்டது. வாசற்படியில் நிற்பவர்களில் நம் அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். சில வருஷம் போனால் நாமும் இருக்கலாம்.

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று சின்ன வகுப்பில் கையெழுத்து நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். செல்வம் என்றால் அதற்கு வரவு செலவுக் கணக்கு வேண்டாமா? மளிகைக் கடைக்குக் கணக்கு இருக்கிறது. பாலுக்குக் கணக்கு இருக்கிறது. மகளிர் குழுவுக்குக் கணக்கு இருக்கிறது. லேபில் ஒரு வோல்ட் மீட்டர் ரீடிங் எடுத்தால் முதலில் அப்சர்வேஷன் நோட்டு, பிறகு ரெக்கார்டு நோட்டு, அதற்குக் கீழே சாரின் சிவப்பு மைக் கையெழுத்து! ஆனால் இந்த உடம்புக்கு மட்டும் நம்மிடம் கணக்கே கிடையாது. அந்தக் கணக்கை யார் எழுதுவது, யார் கேட்பது? இதைப் பற்றித்தான் நான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வள்ளுவர் யாரை முதலில் சொன்னார்?

எங்கள் திட்டக்குடியில் கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாத சுவாமி. வெள்ளாற்றங்கரை ஊருக்கு வைத்தியரே நாதர்! ஆனாலும் ஊரில் மெடிக்கல் ஷாப்புகளில் கூட்டம் குறைந்தபாடில்லை. சாமியும் டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் நம்மைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறோம்.

திருக்குறளில் 95-ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறளில் வைத்தியம் என்பது நான்கு பேரின் கூட்டு என்கிறார் வள்ளுவர். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். இந்த நான்கில் அவர் முதலில் வைத்தது யாரை? நோயாளியைத்தான்! வைத்தியருக்கே இரண்டாம் இடம். அதே அதிகாரத்தில், முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிட்டால் மருந்தே வேண்டாம் என்றும் சொல்கிறார். பார்த்துச் சாப்பிடுவது யார் வேலை? நம் வேலைதானே!

கடைசியாகச் சொன்ன ஆளையும் மறந்துவிடக் கூடாது. பக்கத்தில் இருந்து கவனிப்பவர். இந்த முதல் ஆளும் நான்காவது ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் பார்த்தேன்.

கரும்பு வெட்டியவருக்குச் சர்க்கரை

என் அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு சரி. எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் மெசேஜ், பேங்க் சீட்டு, டாக்டர் சீட்டு எல்லாவற்றுக்கும் நான்தான் வாசகர்!

அப்பா இளமையில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரும்பு வெட்டப் போனவர். முழங்கால் வலி வந்த பிறகு ஒரு குடோனில் இராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போனார். கரும்பு வெட்டும்போது ஓடிய உடம்பு, வாட்ச்மேன் ஆனதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. தூக்கம் வராமல் இருக்க இராத்திரி முழுக்க டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்கள் தெருவுக்கும் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த அக்கா, அப்பாவின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை மிஷினில் வைத்தார். “அண்ணே, முன்னூத்திப் பத்து காட்டுது. நாளைக்கே டாக்டரப் பாருங்க” என்றார். அப்பா மசியவில்லை. “எனக்கு ஒன்னும் பண்ணலியே... நல்லா பசிக்குது, நல்லா தூங்கறேன். மிஷினு கோளாறா இருக்கும்” என்றார். தெருவில் இருந்தவர்கள், “கரும்பு வெட்டுனவனுக்குச் சக்கர வராம வேற யாருக்கு வரும்?” என்று சிரித்தார்கள். அப்பாவும் கூடவே சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் வந்தது பெரியப்பாவின் கால்.

பெரியப்பாவின் கால்

பெரியப்பாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணனுக்கு, பல வருஷங்களாகச் சர்க்கரை. வரப்பில் நடக்கும்போது கருவேல முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் ‘சுருக்’ என்று இருக்காது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. புண் அழுகி வாடை வந்த பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

எனக்கு வலித்தது இன்னொரு விஷயம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு மருத்துவமனையில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், “ஒழுங்கா மாத்திரை போடாம இங்க வந்து உயிரை வாங்கறீங்க” என்று பெரியப்பாவைத் திட்டியிருக்கிறார்கள். அவர் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தவர்தான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மாத்திரையும் நின்றது, பரிசோதனையும் நின்றது. ஊரிலோ, “அவன் தலையெழுத்து அப்படி” என்றார்கள்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! ஒருவர் ‘எல்லாம் உன் தப்பு’ என்கிறார். இன்னொருவர் ‘எல்லாம் விதி’ என்கிறார். இரண்டு பேச்சும் கடைசியில் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றுதான். முதல் பேச்சைக் கேட்டவன் வெட்கத்தில் ஒளிந்துகொள்வான். இரண்டாவது பேச்சைக் கேட்டவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பொறுப்பு என்பது இந்த இரண்டிலும் சேராது. பொறுப்பு என்றால் கணக்கு. இன்றைக்கு என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று எழுதிவைப்பது. அதைத் திட்டாமல் கேட்க ஒரு ஆள் இருப்பது. அவ்வளவுதான்!

சென்னை சொன்ன பாடங்கள்

இது என் சொந்தத் தத்துவம் என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டுத் தலைநகரிலிருந்து நடத்தப்பட்ட மூன்று ஆய்வுகள் உலகத்துக்கே இதைச் சொல்லியிருக்கின்றன.

முதலாவது, காசநோய். ஒரு காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்து, நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு என்று இருந்தால்தான் பிழைக்கலாம் என்று நம்பினார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், ஒரு பிரிவு சொந்த வீட்டில். வீடு என்றால் நம்மைப் போன்ற ஏழைகளின் நெருக்கடியான வீடுதான். ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமானார்கள்!

ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டிலேயே குணமாகலாம், ஆனால் கணக்குக் கேட்க ஆள் வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த பாடம். பிற்காலத்தில் ஒருவர் கண்ணெதிரே மருந்தைச் சாப்பிட வைக்கும் முறை உலகமெங்கும் பரவியதற்குச் சென்னையில் நடந்த இதுபோன்ற ஆய்வுகளும் ஒரு காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இரண்டாவது, நம் சர்க்கரை. இதற்கும் சென்னையில் பழைய வேர் உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கினார். அந்த வழியில் வந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் இன்னும் வராமல் வாசற்படியில் நிற்கும் 531 பேரை எடுத்துக்கொண்டு நான்கு பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவுக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும். மூன்று வருஷத்தில் சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை போட்டவர்களில் 40 பேருக்கு. இரண்டும் செய்தவர்களிலும் 39 பேருக்குத்தான்.

மாத்திரை செய்த வேலையைக் காலும் வாயும் செய்துவிட்டன! கேட்டதோ பெரிய தவம் இல்லை. தினம் அரை மணி நேரம் நடை, சீனியைத் தவிர்ப்பது, எண்ணெயையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் குறைப்பது, நார்ச்சத்துள்ளதைச் சேர்ப்பது. ஏற்கெனவே உடல் உழைப்பு உள்ளவர்களிடம் அதையே தொடருங்கள் என்றார்கள். இங்கேயும் ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார். மாதாமாதம் போன் போட்டு விசாரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள்.

மூன்றாவது, நம்மைப் போல டிப்ளமோ முடித்துக் கம்பெனிக்குப் போகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியது. அதே டாக்டரின் குழு, வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அவர்களும் வாசற்படியில் நின்றவர்கள்தான். எல்லாருக்கும் ஆரம்பத்தில் அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் செல்போனில் அடிக்கடி சின்னச் சின்னக் குறுஞ்செய்திகள். இரண்டு வருஷத்தில் செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்கு நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 பேருக்குத்தான். ‘நடந்தீங்களா? என்ன சாப்பிட்டீங்க?’ என்று நினைவூட்ட ஒரு குரல் இருந்ததற்கே இந்த வித்தியாசம்!

இதை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒழுங்காக நடந்த 100 பேரிலும் 39 பேருக்கு நோய் வந்ததே? ஆமாம், வந்தது. பரம்பரை இருக்கிறது, வயசு இருக்கிறது. மூன்று வேளையும் ரேஷன் அரிசியையே நம்பியிருக்கும் வயிறு இருக்கிறது, இராத்திரி வேலை இருக்கிறது. அதனால்தான் நோயாளியைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்கிறேன். நம் கையில் இருப்பது முழுசும் இல்லை. ஆனால் கையில் இருக்கிற பங்கை விட்டுவிட்டால், மீதியைச் செய்ய யாருமே இல்லை.

சுவரில் கூட்டல் குறி

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அப்பா தலை சுற்றும்போது மட்டும் போட்டார். “தெனம் போட்டா ஒடம்பு பழகிப்போவும்” என்பது அவர் கட்சி. நான் ஒரு நோட்டு வாங்கிக் கோடு கிழித்து, தேதி போட்டுக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நோட்டு எதற்கு? அது அலமாரியில் தூங்கியது.

வழி கண்டுபிடித்தது என் அம்மா. “பாலுக்கு நான் செவுத்துல கோடு போட்டுத்தான கணக்கு பாக்கறேன்? ஒரு நாளு ஒரு படி ஏமாந்துருக்கனா? ஒங்கப்பாவுக்கும் கோடு போடுவோம்” என்றார். அடுப்புக் கரியால் சமையல் கட்டுச் சுவரில் கணக்கு தொடங்கியது. காலையில் மாத்திரை போட்டால் ஒரு நின்ற கோடு. நடந்துவிட்டு வந்தால் ஒரு படுத்த கோடு. இரண்டும் செய்தால் அன்றைக்குக் கூட்டல் குறி! நடந்துவிட்டு மாத்திரையை மறந்தால் கழித்தல் குறி. சட்டம் ஒன்றே ஒன்றுதான். கோட்டை அப்பாவேதான் போட வேண்டும். அம்மாவும் போடக் கூடாது, நானும் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இராத்திரி நான் சத்தம் போட்டு எண்ணுவேன். திட்டக் கூடாது, எண்ண மட்டும் வேண்டும்.

டீக் கணக்கை நான் போட்டேன். ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம். “அப்பா, நம்ம கார்டுக்கு ரேஷன்ல போடற ரெண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட சமமா நீங்க டீக்கடையிலயே குடிச்சிடறீங்க” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ‘சர்க்கரை உடம்புக்குக் கெடுதல்’ என்று எத்தனையோ தடவை கேட்டவர்தான். கிலோ கணக்கில் கேட்டதும் அவருக்கு உறைத்தது. மூட்டையும் எடையும் பார்த்த மனிதர் அல்லவா! ஆறு டீ இரண்டானது. அந்த இரண்டிலும் சர்க்கரை போனது.

ஐப்பசி மாதம் அடைமழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த வாரம் சுவரைப் பார்த்தால் ஏழு நாளும் கூட்டல் குறி! ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல “ஏழு” என்று எண்ணினேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஐந்து கூட்டல் குறிகளில் படுத்த கோடு அழிந்து, அந்த இடம் ஈரமாக இருந்தது. அப்பாவின் துண்டு முனையில் கரி. “பொய்க் கணக்கு எழுதி நான் யார ஏமாத்தப் போறேன் பாப்பா? ஒடம்புக்குத் தெரியாதா?” என்றார்.

தோழர்களே, நான் எத்தனையோ நீதிக் கதைகள் படித்திருக்கிறேன். ஆனால் எழுதத் தெரியாத என் அப்பா தாமே அழித்த அந்த ஐந்து கோடுகள் எனக்குக் கற்றுக் கொடுத்ததை எந்தப் புத்தகமும் கற்றுக் கொடுக்கவில்லை.

உடம்பே எழுதும் ரெக்கார்டு

அப்பா சொன்னது விஞ்ஞானப்படியும் உண்மை! உடம்புக்கு நிஜமாகவே தெரியும். நம் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றன. அந்த நாட்களில் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறதோ, அதற்கேற்ப அணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டிய அளவைச் சோதிப்பதுதான் ‘மூணு மாச சர்க்கரை’ என்று லேபில் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. 5.7-க்குக் கீழே என்றால் நல்லது. 6.5-உம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து வெறும் வயிற்றுச் சர்க்கரையை இறக்கிக் காட்டலாம். இந்தக் கணக்கை அப்படி ஏமாற்ற முடியாது. இது பரீட்சைக்கு முதல் நாள் இராத்திரி காப்பியடித்து எழுதும் ரெக்கார்டு அல்ல. தினம் தினம் உடம்பு தானே எழுதிக்கொண்டு வரும் ரெக்கார்டு!

அப்பாவுக்கு முதல் முறை 9.8 இருந்தது. சுவரில் கோடு போட ஆரம்பித்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 7.4. அந்தச் சீட்டை நான் படித்துக் காட்டியதும், “பாஸா பாப்பா?” என்று கேட்டார். “பாஸ்தாம்ப்பா, ஃபர்ஸ்ட் கிளாஸ் இன்னும் வரல” என்றேன். இப்போதும் தினம் கூட்டல் குறி விழுகிறது என்று சொல்ல மாட்டேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா வந்தால் சுவர் காலியாகிவிடும். நோயும் போய்விடவில்லை. ஆனால் தினம் இராத்திரி அம்மா அவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார். செருப்பு இல்லாமல் அப்பா வாசலைத் தாண்டுவதில்லை. பெரியப்பாவே கோலை ஊன்றிக்கொண்டு வந்து, “இன்னிக்குக் கோடு போட்டியாடா?” என்று தம்பியை விசாரிக்கிறார்.

மின்னியல் மாணவி என்ற முறையில் ஒரு வார்த்தை. பழைய இஸ்திரிப் பெட்டியில் தெர்மோஸ்டாட் கிடையாது. சூடு ஏறிக்கொண்டே போய்த் துணி கருகும். தெர்மோஸ்டாட் வைத்த பெட்டியோ, தன் சூட்டைத் தானே பார்த்து, ஏறினால் நிறுத்தி, இறங்கினால் தொடரும். முன்னதை ஓப்பன் லூப் என்றும் பின்னதைக் குளோஸ்டு லூப் என்றும் படிக்கிறோம். பார்க்காமல், கேட்காமல் மாத்திரை விழுங்குவது ஓப்பன் லூப். கோடு, எண்ணிக்கை, மூன்று மாதப் பரிசோதனை, அதைப் பார்த்து அடுத்த நடவடிக்கை என்பது குளோஸ்டு லூப். கரித்துண்டும் சுவரும்தான் எங்கள் வீட்டுத் தெர்மோஸ்டாட்!

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கணக்கு எழுதுவது நம் வேலை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. நன்றாக இருக்கிறதே என்று தாமே நிறுத்துவதும், யாரோ சொன்ன பொடியைக் கலக்கிக் குடிப்பதும் ஆபத்து. திடீரென்று வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் வந்தால் அது சர்க்கரை இறங்கிய அடையாளமாகவும் இருக்கலாம். உடனே இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் பங்குக் கணக்கு

சரி, பதினெட்டு வயதில் நமக்கு என்ன கணக்கு? காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாடு இல்லை. பதினோரு மணிக்குக் கேன்டீனில் பஜ்ஜி. மாலையில் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. பாத்ரூம் போகச் சங்கடப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத தோழிகள் எத்தனை பேர்! இரவு ஒரு மணி வரைக்கும் செல்போன் வெளிச்சம். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை எழுதி வைப்பவர்கள்தான் குறைவு.

என் யோசனை சின்னது. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. இன்று காலையில் சாப்பிட்டேனா? இன்று அரை மணி நேரம் நடந்தேனா? ஆம் என்றால் ஒரு கோடு. அந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை பக்கத்து பெஞ்ச் தோழியிடம் காட்டுங்கள், அவள் பக்கத்தை நீங்கள் கேளுங்கள். திட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம், எண்ணினால் போதும். எங்கள் பிரிவில் நாலு பேர் இப்படிச் செய்து பார்க்கிறோம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருவதால் முதல் பீரியடில் தூக்கம் குறைந்திருக்கிறது என்பது இதுவரை நாங்கள் கண்ட ஆய்வு முடிவு!

இன்னொரு வேண்டுகோள். நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாக ஆகப் போகிறவர்கள். வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாத சீட்டுகள் நமக்காகக் காத்திருக்கின்றன. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அந்த மஞ்சள் பையை எடுத்து, உள்ளே மடிந்து கிடக்கும் டாக்டர் சீட்டைப் பிரித்து, அப்பா அம்மாவுக்குப் புரியும் தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று சொல்லுங்கள். அவர்களுக்கு நோட்டு எழுத வராது என்றால், எந்தச் சுவர் காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் கரித்துண்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கோடு அவர்களுடையது, எண்ணுவது மட்டும்தான் நம்முடையது.